இரவல் வந்த வண்ணக் கண்ணாடி

என் கணவருக்குச் சில நிறங்கள் பிடிபடாது என்பது கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவரைக் கவனமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவனமில்லாத மனிதர்தான், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

நான் காரைக்காலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீடு விழிதியூரில். காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில் கிளம்புவோம். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் தன் அலுவலகத்துக்குப் போவார். அன்றைக்கு நேரமாகிவிட்டது. குளியலறையிலிருந்தபடியே, "ஏங்க, கொடியில கெடக்குற பச்சை ஜாக்கெட்டை எடுத்துக் குடுங்க" என்றேன். கதவிடுக்கில் நீட்டினார். காப்பிப்பொடிக் கலர் ஜாக்கெட். "பச்சைங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். போய்விட்டு வந்தார். மறுபடியும் அதே காப்பிப்பொடி. மூன்றாவது தடவை கொடியில் கிடந்த துணி மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து, "இதுல எது வேணுமோ நீயே எடுத்துக்க" என்றார்.

"காலையில வெளையாடுறீங்களா?"

"இல்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

வண்டியில் போகும்போது மெல்லச் சொன்னார். இளவட்டமாக இருந்தபோது ஏதோ ஒரு வேலைக்குத் தேர்வெழுதித் தேறி, உடல் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். அங்கே புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டி நம்பர் கேட்டிருக்கிறார்கள். இவருக்குப் புள்ளிதான் தெரிந்திருக்கிறது. அனுப்பிவிட்டார்கள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"பொண்ணு பாக்க வந்தப்ப நான் என்ன கலர் பொடவை கட்டியிருந்தேன்னாவது தெரியுமா?"

வண்டி ஒரு தெரு தாண்டும் வரை யோசித்தார். "நல்ல கலரு" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் எனக்குப் பொழுதுபோக்குக்குக் குறையில்லை. சாம்பல் நிறம் என்று நம்பி அவர் ஆசையாக வாங்கி வந்த சட்டை, நல்ல ரோஸ். அதை அவர் போட்டுக்கொண்டு போன முதல் நாளே சொல்லியிருக்கலாம். அது அவருக்குப் பொருத்தமாக இருந்ததால் சொல்லவில்லை. அலுவலகத்தில் அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். இவருக்கு மையின் நிறம் தெரியாது, கையெழுத்தின் கோணலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பார். போன் சார்ஜாகிவிட்டதா என்று அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. ஆனால் தமிழ் அவருக்குப் பல இடங்களில் கைகொடுத்தது. பச்சை மிளகாய் என்ன நிறம் என்று கேட்டால் பேரிலேயே பதில் இருக்கிறது. செம்பருத்தியும் அப்படித்தான். எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது அப்பாவை உட்காரவைத்துப் பரீட்சை வைப்பாள். பேரில் நிறமுள்ள கேள்விகளில் எல்லாம் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். கத்திரிக்காய், நாவல்பழம் என்று போனால்தான் மாட்டிக்கொள்வார்.

அந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஒரு நாள் சாயங்காலம் போனைக் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். போனில் ஏதோ வெளிநாட்டுக் குடும்பம். தோட்டத்தில் கேக் வெட்டுகிறார்கள். தாடி வைத்த ஒரு பெரிய மனிதரிடம் ஒரு பெட்டியைக் கொடுக்கிறார்கள். அவர் அதிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். பலூன்களைப் பார்க்கிறார். மனைவியின் தலைமுடியைப் பார்க்கிறார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுகிறார். சுற்றியிருந்தவர்களும் அழுகிறார்கள். அதைப் பார்த்து என் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிறக்குருட்டுக்குக் கண்ணாடி வந்துருச்சுப்பா. போட்டா எல்லாக் கலரும் தெரியும்."

"அந்த ஆளு எதுக்கு அழுவுறாரு?" என்றார் என் கணவர்.

"சந்தோஷம்பா."

"கண்ணாடியோட விலையைக் கேட்டிருப்பாரு."

விலையை அவளே தேடிக் காட்டினாள். ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலை. ஆனால் எனக்கு அந்தத் தாடிக்காரர் முகம் மனதில் நின்றுவிட்டது. என் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பை இவர் ஒருதடவையாவது சரியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. பட்டுப்புடவைதானே, இந்தத் தீபாவளிக்கு எடுக்காமல் விட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டேன். அவரோ, "எனக்கு எதுக்கு? நான்தான் நல்லா இருக்கேனே" என்று ஒரு வாரம் சொன்னார். எட்டாம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அந்தத் தாடிக்காரரின் படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இணையத்தில் வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம் என்று காரைக்காலில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். மகளும் தொற்றிக்கொண்டாள். கண் பரிசோதிக்கும் பெண் சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. அந்தப் புள்ளிப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"இதுல என்ன நம்பர் தெரியுது சார்?"

"இதுல நம்பர் இருக்கா?"

எனக்குத் தாங்கவில்லை. பரீட்சையில் பிள்ளைகள் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தால் எழுப்பி நிறுத்துகிற நான், அவர் காதோரம் குனிந்து, "பெருசா இருக்கேங்க, நல்லா பாருங்க" என்றேன்.

"மேடம், நீங்க சொல்லக் கூடாது."

இன்னும் சில பக்கங்கள். எல்லாவற்றிலும் இவர் தோற்றார். நான் பெருமூச்சு விட்டபடி நின்றேன். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அதில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெறும் புள்ளிகள். இவரோ டக்கென்று ஒரு நம்பரைச் சொன்னார்.

"கரெக்ட் சார். இந்தப் பக்கம் உங்களை மாதிரி இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். மேடத்துக்குத் தெரியாது."

நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே. "நல்லா பாரும்மா, பெருசாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். அந்த வாரம் முழுக்க எதற்கெடுத்தாலும் அந்தப் பக்கத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைப் பற்றி அந்தப் பெண் மழுப்பாமல் பேசினாள். "இது குணப்படுத்தாது சார். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல வர்ற கொஞ்சம் வெளிச்சத்தை வடிகட்டி வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும். சிலருக்குப் பிடிக்குது, சிலருக்கு ஒண்ணுமே தெரியல. வெயில்லதான் போடணும். கம்பெனியிலேர்ந்து காட்டுறதுக்குன்னு ஒரு ஜோடி வரும். வந்ததும் தர்றேன், சனி ஞாயிறு வெச்சிருந்து பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க."

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"பொறவியிலேயே வர்றது மேடம். ஆம்பளைப் பிள்ளைக்கு அம்மா வழியாத்தான் வரும்."

வீட்டுக்கு வந்ததும் இதை என் மாமியாரிடம் மிகுந்த பணிவோடு தெரிவித்தேன். எங்கள் மகளுக்குச் சளி பிடித்தாலும் அது என் பிறந்த வீட்டுச் சளி என்று சொல்கிறவர் அவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எங்க வூட்டுல யாருக்கும் அப்படிக் கெடையாது."

"கேட்டுப் பாப்போமே அத்தை" என்றேன்.

அவருக்கு ஒரே தம்பி, பேரளம் பக்கம் விவசாயம். அப்போதே போன் போட்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னது என் மகள்.

"தம்பி, தூரத்துலேர்ந்து பாத்தா செம்பருத்திச் செடியில பூ இருக்குறது ஒனக்குத் தெரியுமா?"

"கிட்ட போனா தெரியும். ஏங்க்கா?"

"தூரத்துலேர்ந்துடா."

"தூரத்துலேர்ந்து எப்படித் தெரியும்? எல எது, பூ எதுன்னு கிட்ட போனாத்தான தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான?"

மாமியார் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் அப்படி இல்லடா" என்றார். அறுபது வயது தாண்டிய மனிதருக்கு அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. போனில், "அப்புடியா?" என்று மட்டும் கேட்டது. கீரை ஆய்ந்து முடிக்கும் வரை மாமியார் என் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்த அமைதியைக் கெடுக்கவில்லை.

சொன்னபடியே கண்ணாடி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை வெயில் ஏறும் வரை காத்திருந்து வாசலில் கூடினோம். மகள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமியார் படியில் உட்கார்ந்தார். நான் கூறைப்புடவையை எடுத்து மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். என் கணவர் முகம் கழுவி, சவரம் செய்து, கல்யாணப் பந்தலுக்கு வருவதுபோல் வந்து நின்று கண்ணாடியை மாட்டினார்.

அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"என்னங்க?"

"கொஞ்சம் ரோசா இருக்கு எல்லாம்."

"அழுகை வருதாப்பா?" என்றாள் மகள்.

"வரலம்மா. வேணும்னா முயற்சி பண்ணிப் பாக்குறேன்."

புடவையை விரித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "முன்னைக்கு இப்ப கொஞ்சம் அழுத்தமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் பெட்டியில் காத்திருந்த புடவைக்கு அவ்வளவுதான் கிடைத்தது. அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இதோ வந்துவிட்டது என்று நான் கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கூட நின்றேன்.

"ஒனக்கு மூக்குல என்ன அவ்ளோ செவப்பா? கன்னத்துலயும் திட்டுத் திட்டா இருக்கே, எதாவது கடிச்சுதா?"

என் மகள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்தது. "கழட்டுங்க அதை" என்றேன்.

ஆனால் கழற்றுவதற்கு முன் அவர் கண் வேலியோரம் போய் நின்றது. "இத்தனை பூவா பூத்திருக்கு?" என்றார். செம்பருத்தி. வாசலிலிருந்து அது பத்துப் பதினைந்து அடி இருக்கும். தினமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் வண்டியை எடுக்கிறார். ஒன்றொன்றாக விரலை நீட்டிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தன. அப்போது மட்டும் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

அந்தத் தெம்பில், மீன் வாங்க நானும் வருகிறேன் என்று கிளம்பினார். கண்ணாடியோடுதான். சாதாரணமாக மீன் வாங்க அவரை நான் தனியாக அனுப்புவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், பழசை வாங்கி வருவார். செவுள் சிவந்திருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பாவனை மட்டும் உண்டு. கடலோரக் கிளிஞ்சல்மேட்டில் கரையேற்றி வைத்திருந்த பைபர் படகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "இதுவும் அதுவும் வேற வேற கலரா? நான் ஒண்ணுன்னுல்ல நெனைச்சேன்" என்றார். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனால் கண்ணாடி இல்லாமலேயே சரியாகச் சொல்லக்கூடிய இரண்டு படகுகளின் நிறத்தைக் கண்ணாடியோடு தப்பாகச் சொன்னார். அவருக்கே குழப்பமாகிவிட்டது.

மீன் விற்கிற அம்மாவிடம் பாரை இருந்தது. நான் அந்தப் பக்கம் இறால் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் உட்கார்ந்து ஒரு பாரையின் செவுளைத் தூக்கி, "அருமை! நல்ல செவப்பு! இதையே போட்டுருங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். செவுள் பழுப்பாக இருந்தது. அந்த அம்மாவும் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். விற்றால் லாபம்தான், ஆனால் எதிரே நான் நிற்கிறேன்.

"சார், அது நேத்து மீனு. கொழம்புக்குன்னா கம்மியா தர்றேன்."

"செவப்பா இருக்கேம்மா?"

விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அக்கா, நேத்து மீனைப் புது மீனாக் காட்டுதா இந்தக் கண்ணாடி? இதை எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்க. வர்றவங்களுக்கெல்லாம் மாட்டிவுட்டுட்டு யாவாரம் பண்றேன்."

இவரும் சிரித்துவிட்டார். புது மீனை நானே எடுத்தேன்.

திரும்பும்போது விழிதியூர் நெருங்கியதும் வயலோரம் வண்டியை நிறுத்தினார். சம்பா பயிர் தழைத்து நின்றிருந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், மறுபடியும் போட்டார்.

"நீங்கள்லாம் பாக்குறது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். அது கிண்டலாக இல்லை.

நான் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். வரப்பு, தென்னை, அவர் முகம் எல்லாம் ஒரு மாதிரி ரோஸ் கலந்து துடைத்து வைத்தாற்போல் தெரிந்தன. எனக்கு அது அழகாகக்கூட இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் பார்ப்பதை அவருக்கும், அவர் பார்ப்பதை எனக்கும் காட்ட அந்தக் கண்ணாடியால் முடியாது. "தெரியலங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். இத்தனை வருஷம் இதை வைத்துச் சிரித்திருக்கிறேன். அவர் வயலைப் பார்த்தால் என்ன தெரியும் என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பேரளத்து மாமா வந்து இறங்கினார். வந்த காரணத்தைச் சொல்லவில்லை. காப்பி குடித்தார், மழை பற்றிப் பேசினார், மாட்டுக்குக் காய்ச்சல் என்றார். என் கணவர்தான் கண்ணாடியை எடுத்து, "மாமா, போட்டுப் பாருங்க" என்று நீட்டினார்.

மாமா வாசலுக்குப் போய் மாட்டினார். வேலியைப் பார்த்தார். செடியருகே போனார், திரும்பி வந்தார், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். எங்களை மறந்தேவிட்டார். பிறகு படியில் என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா, சாமிக்குப் பூ பறிச்சுட்டு வான்னு என்னைய அனுப்புவல்ல? நான் செடிகிட்டயே நின்னுக்கிட்டு இருப்பேன். சோம்பேறின்னு திட்டுவ."

"நீ சோம்பேறிதான்" என்றார் மாமியார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் படமெடுக்க வேண்டிய என் மகளின் போன் அப்போது உள்ளே சார்ஜில் கிடந்தது.

மாமா மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ரசத்தைக் கிளறிப் பார்த்தார். "இதை நான் வாங்கிக்கிறேன்" என்றார். விலையைச் சொன்னேன். ஒரு வாய் சோற்றை மென்று முழுங்கும் நேரம் யோசித்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனோம். மாமாவுக்குப் புதுசாக ஒன்று சொல்லிவிட்டு, இரவல் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தோம். கண் பரிசோதிக்கும் பெண் என் கணவரைப் பார்த்து, "உங்களுக்கு சார்?" என்றாள்.

நான் வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். செம்பருத்திக்காகவே வாங்கலாம் என்று தோன்றியது. அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆபீஸ்ல டியூப்லைட்டு வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. ரெண்டு மணி நேரம் போட்டா தலை வலிக்குது. சரியாச் சொன்னதையும் தப்பாச் சொல்றேன். எனக்கு வேணாம்மா. பூ பாக்கணும்னா கிட்ட போயி பாத்துக்கிறேன்."

அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை. "யோசிச்சுத்தான் சார் சொல்றீங்க" என்றாள். மாமாவிடம் மட்டும், இருட்டினபிறகு போடக் கூடாது, வண்டி ஓட்டும்போது கவனம் என்று மறுபடி மறுபடி சொன்னாள். மாமா எல்லாவற்றுக்கும் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி நடப்பவர் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

மாமாவை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வரும்போது, "உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"வயல்கிட்ட நின்னப்ப கொஞ்சம் இருந்துச்சு" என்றார். "மாமா முகத்தைப் பாத்ததும் போயிருச்சு."

தீபாவளித் துணி எடுக்கக் கடைத்தெருவில் இறங்கினோம். பட்டுப்புடவைக்கான பணம் அப்படியே இருந்ததால் நான் முதலில் புடவைப் பக்கம் போனேன். அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவருக்குச் சட்டை. கடைக்காரர் மேசை மேல் குவித்துப் போட்டார். அவர் யாரிடமும் நிறம் கேட்டு நான் பார்த்ததில்லை. தெரிந்த மாதிரியே எடுத்து, தெரிந்த மாதிரியே உடுத்துவார். அன்றைக்கு ஒரு சட்டையை விரித்துப் பிடித்து, கடைக்காரர் இருக்கும்போதே சத்தமாகக் கேட்டார்.

"இது என்ன கலரும்மா?"

"வெந்தயக் கலர்."

"எனக்கு எடுப்பா இருக்குமா?"

உண்மையைச் சொன்னேன். "இருக்காதுங்க. அந்தக் கடைசியில இருக்கே, அதை எடுங்க."

அதை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இதையே போடுங்க" என்றார் கடைக்காரரிடம். அது என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. இந்தத் தடவை நானே சொல்லிவிட்டேன்.